இலை போட்டா சோறு வரும்

வெளியில வெயில் கொளுத்துது. இந்த வெயில்ல உன்னை விளையாட விட்டா உங்கம்மா வந்து என்னைத்தான் கேப்பா. படு, நித்தி. காலைத் தூக்கி அத்தை மேல போடாத, கசகசங்குது. ம், அப்படித் தள்ளிப் படு. கதை சொல்றேன். ஆனா நடுவுல தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருதுன்னு எழுந்திருக்கக் கூடாது. போறதுன்னா இப்பவே போயிட்டு வா. போயாச்சா? சரி. நான் சொல்லச் சொல்ல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நான் எழுந்து போயிடுவேன். எனக்கு ஒரு பொதி துணி மடிக்கக் கெடக்கு.

ஒரு ஊர்ல ஒரு யோசிக்கிறவர் இருந்தாரு.

"ம்."

யோசிக்கிறதுதான் அவருக்கு வேலையே. சிரிக்காத, நெசமாத்தான். தத்துவ ஞானின்னு சொல்வாங்க. பேரு சாத்தப்பர். சுத்துப்பட்டு நாட்டுல எல்லாம் அவருக்கு அவ்வளவு பேரு. "இந்த உலகம் எதனால நடக்குது?" இதுதான் அவர் யோசிச்ச விஷயம். முப்பது வருஷமா யோசிச்சாரு. ஓலையில எழுதுவாரு, அடிப்பாரு, மறுபடி எழுதுவாரு. ராஜாக்களே வண்டி கட்டிக்கிட்டு வந்து, அவர் சொல்றதைக் கேட்டு, ஒண்ணும் புரியாம தலையை ஆட்டிட்டுப் போவாங்க.

அவர் ஏன் இவ்வளவு பெரிய ஆளா ஆனாருன்னா, அவரு ஒரு நாளை நடத்துற முறைதான் காரணம்னு ஊரே சொல்லும். ஒரு நாளும் தப்பாது. கோழி மூணாவது தடவை கொக்கரக்கோன்னா எழுந்திருப்பாரு. குளிப்பாரு. ஒரு சொம்பு நீராகாரம். அப்புறம் உக்காந்து யோசனை. அப்புறம் இலை. அப்புறம் தூக்கம். அப்புறம் குளத்தை மூணு சுத்து. அப்புறம் திரும்பவும் யோசனை.

"மணி எப்படிப் பார்ப்பாரு?"

நல்லாக் கேட்ட. அப்போ கடிகாரம் ஏது? அண்டா நிறைய தண்ணி வச்சிருப்பாங்க. அதுல குட்டியா ஒரு செம்புக் கிண்ணத்தை மிதக்க விடுவாங்க. கிண்ணத்துக்கு அடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. தண்ணி மெல்ல மெல்ல ஏறி, கிண்ணம் "டொளக்"னு முழுகும். அது ஒரு நாழிகை. உடனே எடுத்து, கொட்டிட்டு, மறுபடி மிதக்க விடணும். பன்னெண்டு டொளக் ஆச்சுன்னா காலை யோசனை முடிஞ்சுது, இலை போடுற நேரம்னு அவருக்குத் தெரியும்.

அந்தக் கிண்ணத்தை யார் எடுத்து எடுத்து விடுவாங்க? சொல்லு பார்ப்போம்.

"வேலைக்காரங்க."

வேலைக்காரங்க எல்லாம் கிடையாது. அவரு பொண்டாட்டி உமையாள். விடியறதுல இருந்து அடையற வரைக்கும், சமைச்சுக்கிட்டே, பெருக்கிக்கிட்டே, துவைச்சுக்கிட்டே, அந்த டொளக்குக்கு ஒரு காதைக் கொடுத்துட்டே இருப்பா. சத்தம் கேட்டா ஓடணும். அதனால அவ தெரு முனையைத் தாண்டி எங்கேயும் போனதில்ல. அவரு அதைக் கவனிச்சதே இல்ல. கிண்ணம் தானா மேல வருதுன்னு நினைச்சாரோ என்னமோ.

அவங்களுக்கு ஒரே பொண்ணு. சிகப்பின்னு பேரு. அரை நாள் வண்டிப் பயணத்துல ஒரு ஊர், கீழக்கண்மாய்னு. அங்க கட்டிக் கொடுத்திருந்தாங்க. சிகப்பி முழுகாம இருந்தா. அப்படின்னா வயித்துல பாப்பா. ஏழாம் மாசம் அவ மாமியார் வீட்டுல வளைகாப்பு நடந்துச்சு. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே? வளைகாப்பு முடிஞ்ச கையோட அப்பா அம்மா போய்ப் பொண்ணைக் கூட்டிட்டு வரணும். அதுலயும் அந்த ஊர் வழக்கம், பொண்ணோட அப்பா நேர்ல வந்து, வாசல்ல நின்னு, பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அம்மா மட்டும் தனியாப் போனா அனுப்ப மாட்டாங்க.

ஆனா இவங்க வளைகாப்புக்கே போகல. வளையல் வாங்கி, தெரிஞ்ச வண்டிக்காரர்கிட்ட கொடுத்து அனுப்புனாங்க. வளையல் போச்சு, அம்மா போகல. அன்னைக்கு உமையாள் அடுப்படியில உக்காந்து அழுதா. அப்புறம் டொளக்னு சத்தம் கேட்டுச்சு, கண்ணைத் தொடைச்சுட்டு எழுந்து ஓடுனா.

கேக்குறியா?

"ம்."

அப்புறம் நாள் ஓடிப்போச்சு. சிகப்பியோட மாமியார் ஆள் சொல்லி அனுப்புனாங்க. "வர்ற பௌர்ணமி வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறம் நிறைமாசப் பொண்ணை நான் மாட்டு வண்டியில ஏத்த மாட்டேன். பிரசவத்தை இங்கேயே பார்த்துக்குறோம். பொறந்த வீட்டுக்கு நேரம் இல்லைன்னா எங்களுக்கு இருக்கு."

உமையாள் நாளை எண்ணிப் பார்த்தா. பௌர்ணமிக்குப் பத்தே நாள்.

காலையில அவரு குளிச்சுட்டு வந்தாரு. "ஏங்க, சிகப்பியைக் கூட்டிட்டு வரணும்"னு சொன்னா. "யோசிக்கிறேன்"னாரு. வேற என்ன சொல்வாரு?

இலை போட்ட நேரத்துல கேட்டா. "சாப்பிடும்போது நான் பேசுறதில்லைன்னு தெரியாதா?"ன்னாரு.

சாயங்காலம் குளத்துக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் பின்னாலயே போய்க் கேட்டா. நின்னு திரும்பிப் பார்த்து, ரொம்பப் பொறுமையா சொன்னாரு, "போகக் கூடாதுன்னு நான் சொல்லல உமையா. போறதுக்கு ஒரு நாள் ஆகும். என் நாள்ல ஒரு நாழிகைகூட காலி இல்லையே. நீயே பார்க்குறதானே?"

கெட்டவர் இல்ல நித்தி. மக மேல ஆசை இல்லாம இல்ல. ஆனா அப்படி ஒரு மண்டு. படிச்ச மண்டு.

அப்போ பார்த்து அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு ஆசை வந்துச்சு. நம்ம நாட்டுல எல்லாரும் சாத்தப்பர் மாதிரி அறிவாளி ஆயிட்டா எப்படி இருக்கும்? அதுக்கு என்ன வழி? அவரு நாளை நடத்துற மாதிரியே எல்லாரும் நடத்துனா போச்சு. உடனே அரண்மனை எழுத்தரை அனுப்புனாரு. எழுத்தர் வந்து ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்துட்டு உக்காந்தாரு.

"ஐயா, உங்க நாளைச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

சாத்தப்பர் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாரு. "கோழி மூணாவது தடவை கூவுனா எழுந்திருப்பேன். வெந்நீர் இருக்கும். குளிப்பேன். நீராகாரம் இருக்கும். குடிப்பேன். உக்காந்து யோசிப்பேன். பன்னெண்டு தடவை கிண்ணம் முழுகும். இலை போட்டா சோறு வரும். சாப்பிடுவேன். பாய் விரிச்சிருக்கும். படுப்பேன். எழுந்து குளத்தை மூணு சுத்து. மறுபடி யோசனை. விளக்கு எரியும். இலை போட்டா இட்லி வரும். தூங்குவேன்."

"அவ்வளவுதானா ஐயா?"

"அவ்வளவுதான்."

சர்ர் சர்ர்னு எழுத்தர் எழுதிட்டாரு. அரை ஓலையில முடிஞ்சுபோச்சு.

அடுப்படியில நின்னு உமையாள் இதை முழுசாக் கேட்டா. குழம்பைக் கிண்டிட்டிருந்த கை அப்படியே நின்னுபோச்சு. முப்பது வருஷம். "வெந்நீர் இருக்கும்." "சோறு வரும்." அவளுக்கு அழுகை வரல. கோவம் வந்துச்சு. அதுவும் சும்மாக் கோவம் இல்ல, சத்தமே போடாத கோவம். அதுதான் ரொம்ப மோசம். உங்க மாமாவைக் கேளு, சொல்வாரு.

அப்புறம் தண்டோரா. டம் டம் டம டம! "இதனால் சகலருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா! வர்ற திங்கக்கிழமையில இருந்து பதினஞ்சு நாளைக்கு, ஆம்பளை பொம்பளை, பெரியவங்க சின்னவங்க எல்லாரும் சாத்தப்பர் பட்டியல்படிதான் நடக்கணும்! ஒரு வேலை கூடவும் கூடாது, குறையவும் கூடாது! மீறுனா நாள் முழுக்க வெயில்ல நிக்கணும்!" டம் டம்.

ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். "சமைக்க வேணாமாம்டி! யோசிச்சா சோறு தானா வருமாம்!" "அவருக்கு முப்பது வருஷமா வருதே, நமக்கு வராதா?" அப்படின்னு பேசிக்கிட்டாங்க. பெரிய பெரிய பண்டிதருங்களே நம்புனாங்க. யோசனைக்கு அவ்வளவு சக்தின்னு அதுக்கு வேற விளக்கம் சொன்னாங்க.

திங்கக்கிழமை வந்துச்சு. கொக்கரக்கோ, கொக்கரக்கோ, கொக்கரக்கோ. சாத்தப்பர் எழுந்தாரு. குளிக்கப் போனா அண்டாவுல தண்ணி ஜில்லுனு இருக்கு. கொல்லை அடுப்புல நெருப்பே இல்ல. அடுப்புக்கு முன்னால உமையாள் தலைமுடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா.

"வெந்நீர் எங்க உமையா?"

"நானும் அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். 'வெந்நீர் இருக்கும்'னு போட்டிருக்கு. இன்னும் காணோம்."

என்ன செய்வாரு? பச்சைத் தண்ணியில குளிச்சாரு. உஸ்ஸ்... உஉஉ... பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. அப்புறம் நடுங்கிட்டே போய் யோசிக்க உக்காந்தாரு. பக்கத்துல இன்னொரு பாயைப் போட்டு உமையாளும் உக்காந்துட்டா. பட்டியல் எல்லாருக்கும்தானே?

கிண்ணம் "டொளக்"னு முழுகுச்சு. ஒண்ணு. அவரு ரெண்டாவது டொளக்குக்குக் காத்திருந்தாரு. காத்திருந்தாரு. வெயில் வாசல்ல இருந்து முற்றத்துக்கு வந்துச்சு, முற்றத்துல இருந்து தூணுக்கு ஏறுச்சு. டொளக்கே இல்ல. கிண்ணம் அண்டா அடியில சும்மாக் கெடக்கு.

"இன்னைக்கு நாழிகை ஏன் நகரவே மாட்டேங்குது?"ன்னாரு.

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன்"ன்னா உமையாள்.

அப்புறம் அவரே எழுந்து இலையைப் போட்டாரு. அவளும் பக்கத்துல ஒரு இலையைப் போட்டா. தண்ணி தெளிச்சுத் தொடைச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்தாங்க. வயிறு உர்ர்ர்ங்குது. ஒரு ஈ வந்து இலையில உக்காந்துச்சு, சுத்திப் பார்த்துச்சு, அதுவும் போயிடுச்சு.

"ஹிஹி."

சிரிச்சா தூக்கம் போயிடும். ம்.

சாயங்காலம் குளத்துக்குப் போனாரு. தெருவுல எல்லா வீட்டு வாசலும் திறந்து கெடக்கு. எட்டிப் பார்த்தா எல்லா வீட்டுலயும் இலை. இலைக்கு முன்னால வரிசையா ஆளுங்க, அடுப்பைப் பார்த்துக்கிட்டு. ஒரு வீட்டுலயும் புகை இல்ல. அரண்மனையிலயும் அதே கதைதான். ராஜா இலை போட்டு உக்காந்திருக்காரு, சமையல்காரங்க பக்கத்துல இலை போட்டு உக்காந்திருக்காங்க. ஊரைக் காவல் காக்க ஆளே இல்ல. காவக்காரங்களும் குளத்தைத்தான் சுத்திட்டிருக்காங்க. இருந்தாலும் ஒருத்தரும் மீறல. பயம்.

"சின்னப் பிள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க, அத்தை?"

அதுக்கு அம்மாக்காரிங்க விடுவாங்களா? மடியில அவலையும் வெல்லத்தையும் முடிஞ்சு வச்சுக்கிட்டு, கதவை ஒருக்களிச்சுட்டு, ஊட்டிட்டாங்க. அதுவும் பட்டியல்ல இல்லதான். யார் பார்த்தா?

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அன்னைக்கும் அப்படியே. சாத்தப்பருக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. "நீ கொஞ்சம் சமைச்சாத்தான் என்ன?"ன்னு கெஞ்சுனாரு.

"சமைக்கிறதுன்னு பட்டியல்ல ஒரு வார்த்தை காட்டுங்க, இப்பவே அடுப்பைப் பத்த வைக்கிறேன்"ன்னா உமையாள். அவரு பட்டியலை எடுத்துப் பார்த்தாரு. மேல இருந்து கீழ பார்த்தாரு. கீழ இருந்து மேல பார்த்தாரு. அவரு சொன்னதுதானே? அதுல இல்ல.

உமையாளுக்கும் பசிதான். ஆனா அவ கோவம் பசியை விடப் பெருசா இருந்துச்சு. அதோட பயமும் இருந்துச்சு. பௌர்ணமிக்கு இன்னும் ரெண்டு நாள்தான். ராத்திரி முற்றத்துல நின்னு நிலாவையே பார்த்துட்டிருந்தா. தினம் கொஞ்சம் பெருசாகுதே, பெருசாகுதேன்னு.

புதன்கிழமை சாத்தப்பர் யோசிக்கப் போகல. நேரா அடுப்படிக்கு வந்தாரு. முப்பது வருஷத்துல அவரு அடுப்படிக்குள்ள நுழைஞ்சது அன்னைக்குத்தான். சுத்தி முத்திப் பார்த்தாரு. அம்மி, உரல், முறம், தண்ணிக் குடம், விறகுக் கட்டு. எது எதுக்குன்னு தெரியாம முழிச்சாரு. அவ பக்கத்துல தரையில உக்காந்தாரு.

"உமையா, தினம் சோறு எப்படி வருது?"

கேலி பண்றாரான்னு அவ திரும்பி அவரைப் பார்த்தா.

"எனக்கு நெசமாவே தெரியல. சொல்லேன்."

"அப்போ எழுதிக்கோங்க"ன்னா.

அவரு ஓலையை எடுத்தாரு. அவ சொல்ல ஆரம்பிச்சா. கோழி மொத தடவை கூவறதுக்கு முன்னாடி எழுந்திருக்கிறது. வாசல் தெளிக்கிறது. கிணத்துல பதினாறு குடம் தண்ணி எடுக்கிறது, சளக் சளக்னு. விறகு காயலைன்னா ஊதி ஊதிப் பத்த வைக்கிறது. நெல்லை ஊற வச்சு, அவிச்சு, காய வச்சு, குத்தி, புடைக்கிறது. மாடு கறக்கிறது. மோர் கடையிறது. மாவாட்டுறது. கிண்ணத்தை எடுத்து விடுறது. மறுபடி கிண்ணத்தை எடுத்து விடுறது. அவரு யோசிக்கும்போது தெருவுல விளையாடுற பசங்களை அந்தப் பக்கம் போகச் சொல்றது. கிண்ணத்தை எடுத்து விடுறது. சொல்லிக்கிட்டே போறா, எழுதிக்கிட்டே போறாரு. ஒரு ஓலை ஆச்சு, ரெண்டு ஓலை ஆச்சு, ஏழு ஓலை ஆச்சு. அவருக்குக் கை வலிச்சுது. எழுத எழுதத் தலை குனிஞ்சுக்கிட்டே போச்சு.

"இவ்வளவுதானா?"ன்னாரு, ரொம்ப மெல்ல.

"இவ்வளவுதான்"னா. "பெத்த பொண்ணைப் போய்ப் பார்க்கிறதுன்னு உங்க பட்டியல்லயும் ஒரு வரி இல்ல, என் பட்டியல்லயும் இல்ல. அவ ஒத்தையில உக்காந்து வாசலைப் பார்த்துட்டிருப்பா. எனக்குத் தெரியும்."

சாத்தப்பருக்கு வெக்கமாப் போச்சு. அவ்வளவு பெரிய ஞானி, அந்த ஏழு ஓலையையும் மறுபடி மொதல்ல இருந்து படிச்சாரு.

அப்போ வாசல்ல ஒரு சத்தம். யாருன்னு பார்த்தா ராஜா! மூணு நாள் பட்டினியில இளைச்சு, கிரீடம் நழுவிக் காதுல நிக்குது. தேர் ஓட்ட ஆள் இல்லாம நடந்தே வந்திருக்காரு.

"சாத்தப்பரே, தாங்கல. உமக்கு மட்டும் எப்படிய்யா சோறு வந்துச்சு?"

சாத்தப்பர் எழுந்து நின்னாரு. "தப்பாச் சொல்லிட்டேன் ராஜா. சோறு வரல. இவ ஆக்குனா."

ராஜா உமையாளைப் பார்த்தாரு. "ஏம்மா, இதை அன்னைக்கே எழுத்தர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னை யாரும் கேக்கலையே"ன்னா.

அடுத்த நிமிஷமே சட்டம் ரத்து. டம் டம் டம டம! தண்டோரா போடுறவருக்கும் தெம்பு இல்ல, டம்முனு ஒண்ணு அடிப்பாரு, கொஞ்சம் உக்காருவாரு. அப்புறம் ஊர் முழுக்க அடுப்பு பத்துச்சு. குபுகுபுன்னு எல்லாக் கூரையிலயும் புகை. எங்க பார்த்தாலும் சுர்ர், சுர்ர்னு தாளிக்கிற சத்தம். அன்னைக்கு அந்த ஊர்ல யாருமே யோசிக்கல.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல. சிகப்பி?"

அதுக்குத்தான் வர்றேன். உமையாள் அன்னைக்கு ஒரு கஞ்சி வச்சா, ரெண்டு பேரும் குடிச்சாங்க. மறுநாள் வியாழக்கிழமை, அன்னைக்குத்தான் பௌர்ணமி. கோழி மொத தடவை கூவும்போதே சாத்தப்பர் எழுந்துட்டாரு. வெந்நீர் கேக்கல. மாட்டைப் பூட்டத் தெரியாம பூட்டுனாரு, ஒரு மாடு இந்தப் பக்கம் பார்க்குது, ஒரு மாடு அந்தப் பக்கம் பார்க்குது. உமையாள் வந்து சரி பண்ணுனா. கிளம்பிட்டாங்க. கடக் முடக், கடக் முடக். மாமியார் அனுப்புவாங்களா மாட்டாங்களான்னு உமையாளுக்கு வழியெல்லாம் உள்ளுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

உச்சி வெயில்ல கீழக்கண்மாய் போய்ச் சேர்ந்தாங்க. சிகப்பியோட மாமியார் வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க, இடுப்புல கையை வச்சுக்கிட்டு. "வாங்க சம்பந்தி. இன்னைக்குத்தான் நேரம் கெடைச்சுதா?"ன்னாங்க.

சாத்தப்பர் ஒரு சமாதானமும் சொல்லல. சபையில மூணு நாள் விடாமப் பேசுறவரு, கையைக் கட்டிக்கிட்டு வெயில்ல நின்னாரு. "தப்பு என்னுதுதான்மா. பொண்ணைக் கூப்பிட வந்திருக்கேன்"னாரு.

அந்தம்மா அவரை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "பௌர்ணமி வரைக்கும்னு சொன்னேன். சொன்ன சொல்லை மாத்துற வழக்கம் எனக்கில்ல. இன்னைக்குப் பௌர்ணமிதான். கூப்பிடுங்க"ன்னுட்டு ஒதுங்கி நின்னாங்க.

அவரு வாசல்ல நின்னு, "சிகப்பி"ன்னு கூப்பிட்டாரு. குரல் எழும்பல. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு மறுபடி கூப்பிட்டாரு. "அம்மா சிகப்பி. அப்பா வந்திருக்கேன்."

உள்ள வளையல் சத்தம் கேட்டுச்சு. கலகலன்னு. பெரிய வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மெல்ல மெல்ல நடந்து சிகப்பி வந்தா. அம்மாவைப் பார்த்ததும் முகம் கோணிப் போச்சு, உமையாள் ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. சிகப்பி கையில ஒரு துணி மூட்டை இருந்துச்சு. அழகா, இறுக்கமா கட்டுன மூட்டை.

சாத்தப்பர் அதைப் பார்த்தாரு. "நாங்க இன்னைக்கு வர்றோம்னு யார்மா சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா."

"பின்ன மூட்டை கட்டித் தயாரா இருக்கே?"

"தெனமும் காலையில எழுந்ததும் கட்டி வைப்பேன்ப்பா. வந்ததும் கிளம்பணும், உங்களைக் காக்க வைக்கக் கூடாதுல்ல, உங்களுக்கு நேரம் போயிடும்ல. விளக்கு வைக்கிற நேரம் ஆச்சுன்னா, சரி, இன்னைக்கு இல்லன்னு அவுத்து மடிச்சு உள்ள வச்சுடுவேன். மறுநாள் திரும்பக் கட்டுவேன்."

"எத்தனை நாளா?"

"வளைகாப்பு அன்னையில இருந்து."

சாத்தப்பர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாரு. நாப்பத்தோரு நாள். அந்த மூட்டையை அவ கையில இருந்து வாங்கி, தோள்ல வச்சுக்கிட்டு, வண்டிக்கு நடந்தாரு. கண்ணுல தண்ணி தாரை தாரையா வந்துச்சாம். துடைக்கக்கூட இல்ல. தெருவுல எல்லாரும் பார்த்தாங்க, பார்த்துட்டுப் போகட்டும்னு அப்படியே நடந்தாரு.

"பாப்பா...?"

பொறந்துச்சு. பொறந்த வீட்டுல, அம்மா பக்கத்துல இருக்க, நல்லபடியாப் பொறந்துச்சு. பொண்ணு. உன்னை மாதிரி வாயாடி.

"..."

நித்தி? ம் கொட்டு.

சரி, வண்டி வீடு போய்ச் சேந்துடுச்சு. சிகப்பி படுத்துட்டா, மாடும் படுத்துடுச்சு. நீயும் தூங்குடி தங்கம்.